குளிர்த்தொட்டி 17 டிகிரிக்குக் கீழே இறங்க மறுக்கிறது: எங்கே கோட்டை விட்டேன்?

நொய்யல்_ஓட்டம் (கோவை, சிங்காநல்லூர்) | மார்ச் 8, இரவு 9.40

எல்லாருக்கும் வணக்கம். நான் அரை மாரத்தான் ஓடுகிறவன். ஞாயிறு நீண்ட ஓட்டம் முடிந்தால் திங்கள்கிழமை மாடிப்படி இறங்கவே கால் கெஞ்சும். குளிர்ந்த தண்ணீரில் உட்கார்ந்தால் வலி அடங்கும் என்று ஐஸ் வாங்கிக் கொட்டிப் பார்த்தேன், கட்டுப்படி ஆகவில்லை. சரி, நாமே ஒரு குளிர்த்தொட்டி செய்துவிடலாம் என்று இறங்கினேன். ஆறு வாரம் ஞாயிறு ஞாயிறாக வேலை செய்து முடித்தாகிவிட்டது. ஆனால் குளிரத்தான் மாட்டேன் என்கிறது.

செய்தது இதுதான். பரண்மேல் வைக்கிற 500 லிட்டர் லாஃப்ட் டேங்க் ஒன்றை வாங்கி மேல்பக்கத்தை அறுத்து எடுத்தேன். அறுத்ததும் பக்கச்சுவர் தொப்பை போட்டதால் சுற்றிலும் இரும்பு ஆங்கிளில் ஃபிரேம் அடித்தேன். உட்கார்ந்தால் கழுத்துவரை வருகிற அளவுக்கு 400 லிட்டர் தண்ணீர். மீன் வளர்ப்புக்கு விற்கிற, தண்ணீரைக் குளிர்விக்கிற அரை எச்.பி. சில்லர் ஒன்று செகண்ட் ஹேண்டில் கிடைத்தது. வீட்டில் சும்மா கிடந்த அரை எச்.பி. மோனோபிளாக் பம்பு. 20 அங்குல ஃபில்டர் ஒன்று. எல்லாம் 1 அங்குல பிவிசி பைப். இடம், வீட்டின் பின்பக்கம் தகர ஷெட்.

தண்ணீர் 28 டிகிரியில் தொடங்கியது. 14 மணி நேரம் ஓடி 17-க்கு வந்தது. அதோடு சரி. இரண்டு நாளாக 17, மதியம் 18. சில்லர் ஒரு நிமிடம்கூட நிற்காமல் ஓடுகிறது. எனக்கு வேண்டியது 12. பெரிய சில்லர் வாங்க வேண்டுமா? அதற்கு இப்போது காசு இல்லை, அதனால்தான் கேட்கிறேன்.

---

வடசென்னை_ஏசி | மார்ச் 8, இரவு 10.15

பிரதர், சில்லரை விற்க அவசரப்படாதீர்கள். நாலு கேள்வி. தொட்டிக்கு வெளிப்பக்கம் இன்சுலேஷன் ஏதாவது உண்டா? மூடி? பைப் மொத்தம் எவ்வளவு நீளம்? சில்லரின் சூடான காற்று எந்தப் பக்கம் வெளியே வருகிறது, அங்கே சுவர் இருக்கிறதா?

---

நொய்யல்_ஓட்டம் | மார்ச் 8, இரவு 10.32

இன்சுலேஷன் இல்லைங்க அண்ணா. மூடிக்கு ஒரு பிளைவுட் பலகை வைத்திருக்கிறேன். பைப் போக வர 9 மீட்டர் இருக்கும், ஷெட் சுவர் ஓரமாகவே சுற்றி வருகிறது. சில்லர் மூலையில் இருக்கிறது, காற்று வருகிற பக்கம் சுவர்தான், ஒரு சாண் இடைவெளி. மதியம் ஷெட்டுக்குள் 35 டிகிரி.

---

வடசென்னை_ஏசி | மார்ச் 8, இரவு 11.20

அப்படியா. இப்போது ஒரு கணக்கு சொல்கிறேன், இதைப் புரிந்துகொண்டால் மற்றதெல்லாம் தானாகப் புரியும். 1 லிட்டர் தண்ணீரை 1 டிகிரி குறைக்க 4.19 கிலோஜூல் வெப்பத்தை வெளியே எடுக்க வேண்டும். உங்கள் 400 லிட்டரை 28-லிருந்து 12-க்குக் கொண்டுவர கிட்டத்தட்ட 26,800 கிலோஜூல், அதாவது ஏறக்குறைய 7.4 யூனிட் அளவு வெப்பம். இதையே ஐஸால் செய்ய வேண்டுமென்றால் ஒவ்வொரு முறையும் 70 கிலோ ஐஸ் கொட்ட வேண்டும். உங்களுக்கு ஏன் கட்டுப்படி ஆகவில்லை என்பது இதிலேயே தெரிகிறது.

அரை எச்.பி. மீன்தொட்டி சில்லர் நல்ல காற்றோட்டத்தில் ஏறக்குறைய 1 கிலோவாட் வெப்பத்தை இழுக்கும். தொட்டிக்குள் வெளியிலிருந்து வந்து சேருகிற வெப்பமும் அதே 1 கிலோவாட் என்றால் அந்த இடத்தில் ஊசி நின்றுவிடும். உங்களுக்கு 17-ல் நின்றிருக்கிறது. அதனால் எங்கிருந்து எவ்வளவு வெப்பம் வருகிறது என்று முதலில் அளந்துவிடுங்கள். செலவே இல்லாத டெஸ்ட்:

இன்று இரவு சில்லரை மட்டும் நிறுத்துங்கள், பம்பு ஓடட்டும், மூடி மூடியிருக்கட்டும். தொடங்கும்போதும் 2 மணி நேரம் கழித்தும் வெப்பநிலையைக் குறித்துக்கொள்ளுங்கள். நாளை திரும்ப 17-க்குக் கொண்டுவந்து, அதே நேரத்தில் பம்பையும் நிறுத்திவிட்டு 2 மணி நேரம் பாருங்கள். பார்க்கும் முன் ஒரு குச்சியால் தண்ணீரைக் கலக்கிவிடுங்கள், மேலே ஒரு சூடு அடியில் ஒரு சூடு இருக்கும். 400 லிட்டரில் மணிக்கு 1 டிகிரி ஏறினால் 465 வாட் உள்ளே வருகிறது என்று அர்த்தம்.

---

திருச்சி_வயர்மேன் | மார்ச் 9, காலை 6.05

டெஸ்ட் எல்லாம் அப்புறம். பம்புக்கும் சில்லருக்கும் கரண்ட் எங்கிருந்து எடுத்திருக்கிறீர்கள்? கரண்ட் ஒழுகினால் லைனை அறுக்கிற ஆர்சிசிபி இருக்கிறதா? எர்த் இருக்கிறதா? இதற்குப் பதில் சொல்லும்வரை தயவுசெய்து தண்ணீருக்குள் இறங்காதீர்கள்.

---

நொய்யல்_ஓட்டம் | மார்ச் 10, காலை 7.10

டெஸ்ட் முடிவு. இரண்டு இரவும் ஷெட்டில் 28 டிகிரி.

பம்பு ஓடியபோது 17.0-லிருந்து 20.4.
பம்பு நின்றபோது 17.0-லிருந்து 18.4.

முதலில் தெர்மாமீட்டர் கெட்டுவிட்டது என்றே நினைத்தேன். சமையலறையிலிருந்து இன்னொன்றை எடுத்து வந்து பார்த்தேன், அதுவும் அதையேதான் காட்டுகிறது. பம்புதான் தண்ணீரைச் சூடாக்குகிறதா?

திருச்சி அண்ணாவுக்கு: வராந்தாவில் இருக்கிற பிளக்கிலிருந்து எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் இழுத்திருக்கிறேன். மெயினில் எம்.சி.பி. இருக்கிறது.

---

வடசென்னை_ஏசி | மார்ச் 10, காலை 8.30

ஆமாம் பிரதர், உங்கள் பம்புதான் ஹீட்டர். வித்தியாசம் 2 மணி நேரத்தில் 2 டிகிரி. அதாவது 465 வாட். அரை எச்.பி. பம்பு இழுக்கிற கரண்டில் பெரும்பகுதி கடைசியில் வெப்பமாகி அந்தத் தண்ணீருக்குள்தான் போய்ச் சேருகிறது. கிணற்றிலிருந்து மாடித் தொட்டிக்கு ஏற்றும்போது இது தெரியாது, தண்ணீர் ஒரே முறை கடந்து போய்விடும். அதே 400 லிட்டரை நாள் முழுக்கச் சுற்றிச் சுற்றி அடித்தால் தேங்கும். உங்கள் சில்லர் தன் சக்தியில் பாதியைப் பம்போடு சண்டை போடவே செலவழிக்கிறது.

மீதி 325 வாட் சுவர் வழியாக, இரவு 28 டிகிரியில். மதியம் 35 டிகிரியில் இதுவே 550-ஐத் தாண்டும். இரண்டையும் கூட்டினால் 1 கிலோவாட் சரியாக வந்துவிட்டது பாருங்கள். சில்லர் மேல் எந்தக் குற்றமும் இல்லை.

செய்ய வேண்டியது: 50-60 வாட்டில் மேக்னட் டிரைவ் சர்குலேஷன் பம்பு. மணிக்கு 1,500 லிட்டர் ஓடினால் இந்தச் சில்லருக்குத் தாராளம். அந்த ஓட்டத்தில் சில்லருக்குள் போகிற தண்ணீருக்கும் வெளியே வருகிற தண்ணீருக்கும் அரை டிகிரிதான் வித்தியாசம் இருக்கும். கையை வைத்துப் பார்த்துவிட்டு "குளிரவே இல்லையே" என்று பயப்படாதீர்கள். வேகம் ரொம்பக் குறைந்தால் உள்ளே இருக்கிற தண்ணீர் உறைந்து காயில் (சில்லருக்குள் சுருட்டி வைத்த குழாய்) வெடிக்கும், அதனால் ஃபில்டர் அடைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். சில்லரை மூலையிலிருந்து வெளியே இழுங்கள், காற்று வெளியேறும் பக்கம் குறைந்தது 2 அடி வெட்டவெளி வேண்டும். தான் விட்ட சூட்டையே தான் திரும்ப இழுத்தால் எந்த மெஷினும் திணறும்.

---

திருச்சி_வயர்மேன் | மார்ச் 10, காலை 9.00

தம்பி, நான் 22 வருஷமாக வயரிங் வேலை செய்கிறேன். நீங்கள் சொன்ன பதிலைப் படித்ததிலிருந்து மனசு ஒரு நிலையில் இல்லை. அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

எம்.சி.பி. உங்களைக் காப்பாற்றாது. அது வயரைக் காப்பாற்றுகிற சாமான். 6 ஆம்பியர் எம்.சி.பி. விழ 6 ஆம்பியருக்கு மேல் ஓட வேண்டும். ஆள் உயிர் போக அதில் நூறில் ஒரு பங்கு போதும். கழுத்துவரை தண்ணீரில் உட்கார்ந்திருக்கும்போது தோலின் தடை என்று ஒன்று கிட்டத்தட்ட இல்லாமலே போய்விடுகிறது. பம்பு வைண்டிங்கில் லேசாக ஈரம் கசிந்தால் போதும்.

வேண்டியது 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி. போகிற கரண்டும் திரும்பி வருகிற கரண்டும் சமமா என்று அது பார்த்துக்கொண்டே இருக்கும். 30 மில்லிஆம்பியர் வேறு வழியில் ஒழுகினாலே கண் இமைக்கும் நேரத்தில் லைனை அறுத்துவிடும். இந்தத் தொட்டிக்கென்று தனி லைன் இழுத்து அதில் தனி ஆர்சிசிபி போடுங்கள். மாதம் ஒருமுறை அதில் இருக்கிற டெஸ்ட் பட்டனை அழுத்தி விழுகிறதா என்று பாருங்கள்.

எர்த் தனி விஷயம். ஆர்சிசிபி இருந்தால் எர்த் வேண்டாம் என்று சிலர் சொல்வார்கள், தவறு. எர்த் இருந்தால் ஒழுகல் தொடங்கியதுமே அது விழும், நீங்கள் தொட்டுத்தான் விழ வேண்டும் என்று இல்லை. நீங்கள் அடித்திருக்கிற இரும்பு ஃபிரேமையும் எர்த்தோடு சேர்த்துவிடுங்கள்.

எக்ஸ்டென்ஷன் பாக்ஸைத் தூக்கிப் போடுங்கள். பிளக் பாயிண்ட் தொட்டியிலிருந்து கை எட்டாத தூரத்தில், தண்ணீர் மட்டத்துக்கு மேலே, மூடி போட்ட வெதர்ப்ரூஃப் பாக்ஸில் இருக்க வேண்டும். எல்லாம் செய்த பிறகும் ஒரு பழக்கம்: இறங்கும் முன் இரண்டு பிளக்கையும் கழற்றிக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு இறங்குங்கள். 10 நிமிடம் சில்லர் ஓடாவிட்டால் ஒன்றும் ஆகாது.

---

ஸ்கார்பரோ_கராஜ் | மார்ச் 10, காலை 10.45

திருச்சி அண்ணை சொன்னதை நூறு தரம் சொல்லலாம். இங்கே கனடாவில் தண்ணிக்குப் பக்கத்தில் இருக்கிற பிளக்கில் 5 மில்லிஆம்பியருக்கே விழுகிற ஜிஎஃப்சிஐ போடுவார்கள். நான் கராஜுக்குள் ஆடு மாடு தண்ணி குடிக்கிற 100 கலன் பிளாஸ்டிக் தொட்டியைத்தான் வைத்திருக்கிறேன். மாசி மாதத்தில் குழாய்த் தண்ணியே 5 டிகிரியில் வரும், எனக்குச் சில்லரே தேவையில்லை. என்னுடைய பிரச்சினை நேர்மாறு, இரவில் பைப் உறைந்து வெடிக்காமல் பார்க்க வேண்டும்.

ஒன்று மட்டும். யாராவது "பெட்டி ஃப்ரீசர் வாங்கித் தண்ணி நிரப்பிவிடுங்கள், மலிவு" என்று சொன்னால் கேட்காதீர்கள். நான் செய்து பார்த்தேன். ஃப்ரீசரின் உள் மூலைகள் தண்ணி தாங்கக் கட்டினது இல்லை. நான் சிலிக்கோன் பூசினேன், நாலு மாதத்தில் ஒரு மூலை விட்டுவிட்டது. தண்ணி இன்சுலேஷனுக்குள் இறங்கி, வயர் போகிற இடம்வரை நனைத்திருக்கிறது. கழற்றிப் பார்த்தபோதுதான் தெரிந்தது. அன்றைக்கே தூக்கி எறிந்துவிட்டேன்.

---

நொய்யல்_ஓட்டம் | மார்ச் 11, இரவு 8.20

இன்று எலக்ட்ரீஷியனை வரச் சொன்னேன். வராந்தா பிளக்கைக் கழற்றினார். மூணு பின் பிளக், மேலே பெரிய ஓட்டை, வெளியிலிருந்து பார்த்தால் எல்லாம் சரி. உள்ளே பச்சை வயர் எதிலும் மாட்டப்படாமல் சும்மா மடக்கி உள்ளே தள்ளியிருந்தது. செம்பு முனைகூடப் புதிதாகவே இருந்தது. வீடு கட்டி 19 வருஷம் ஆகிறது. அதில்தான் வாஷிங் மெஷினும் ஓடிக்கொண்டிருந்தது, என் அம்மா தினமும் ஈரக்கையோடு தொடுகிறது.

நான் இந்தத் தொட்டியில் ஏற்கெனவே மூன்று முறை இறங்கிவிட்டேன்.

திருச்சி அண்ணா, உங்களுக்கு எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை. புது எர்த் குழி, தனி லைன், 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி, எல்லாம் இந்த வாரமே. தொட்டிக்கு மட்டும் இல்லை, வீடு முழுக்க.

---

திருச்சி_வயர்மேன் | மார்ச் 11, இரவு 8.41

நல்லது தம்பி. அம்மாவிடம் சொல்லி மற்ற பிளக்குகளையும் எலக்ட்ரீஷியனை விட்டு ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். ஒன்றில் அப்படி விட்டவர் மற்றதிலும் விட்டிருப்பார்.

---

காவிரிக்கரை_பிளம்பர் (ஈரோடு) | மார்ச் 12, மதியம் 2.15

தம்பி, பைப் வேலையைப் பற்றி யாரும் பேசவில்லை, அதனால் நான் வருகிறேன். எப்படியும் பம்பு மாற்றப்போகிறீர்கள், பைப்பையும் பிரித்து மாட்டிவிடுங்கள். 9 மீட்டர் எதற்கு? சில்லரும் ஃபில்டரும் தொட்டிக்குப் பக்கத்திலேயே வந்துவிட்டால் 3 மீட்டரில் முடியும். மீதி 6 மீட்டர் சும்மா வெயிலை உறிஞ்சுகிற பைப்.

வரிசை: தொட்டி, ஜல்லடை, பம்பு, ஃபில்டர், சில்லர், திரும்பத் தொட்டி. ஃபில்டர் எப்போதும் பம்புக்குப் பிறகு, சில்லருக்கு முன்னால். பம்புக்கு முன்னால் வைத்தால் அடைக்க அடைக்க பம்பு உறிஞ்ச முடியாமல் ஏர் இழுக்கும். சில்லருக்குப் பின்னால் வைத்தால் முடியும் அழுக்கும் சில்லர் காயிலில் போய்ப் படியும், அதைக் கழற்றிச் சுத்தம் செய்ய முடியாது.

மேக்னட் பம்பு தானாக உறிஞ்சாது. தண்ணீர் மட்டத்துக்குக் கீழே, தரையோடு வையுங்கள், தண்ணீர் தானாக வந்து நிரம்பட்டும். தொட்டியிலிருந்து பம்புவரை பைப் எங்கேயும் மேலே ஏறி இறங்கக் கூடாது. ஒரு இடத்தில் மேடு இருந்தாலும் அங்கே காற்று தங்கி ஏர் லாக் ஆகும், பம்பு சத்தம் மட்டும் போடும்.

தொட்டியில் ஓட்டை போடுகிற இடம்தான் முக்கியம். லாஃப்ட் டேங்க் பக்கவாட்டில் வரிவரியாக மடிப்பு இருக்கும். மடிப்பு மேல் டேங்க் நிப்பிள் (தொட்டிச் சுவரில் பைப்பை மாட்டுகிற இணைப்பு) போட்டால் வாஷர் முழுசாக உட்காராது, எத்தனை எம்-சீல் அப்பினாலும் ஒழுகும். உள்ளங்கை அகலத்துக்குச் சமமாக இருக்கிற இடமாகத் தேடுங்கள். ஹோல்சா (வட்டமாக ஓட்டை அறுக்கிற பிளேடு) போட்ட பிறகு ஓட்டையின் விளிம்பைக் கத்தியால் சீவி, விரலை உள்ளே விட்டுச் சுற்றிப் பாருங்கள். விரலில் சொரசொரப்புத் தட்டினால் இன்னும் சீவ வேண்டும். ரப்பர் வாஷர் தண்ணீர் இருக்கிற உள்பக்கம். கையால் முடிந்தவரை இறுக்கிவிட்டு ரெஞ்சால் கால் சுற்று மட்டும். அதற்கு மேல் இறுக்கினால் வாஷர் பிதுங்கி வெளியே வரும்.

பம்புக்கு இரண்டு பக்கமும், ஃபில்டருக்கு இரண்டு பக்கமும், சில்லருக்கு இரண்டு பக்கமும் யூனியனும் (பைப்பை அறுக்காமல் கழற்றி மாட்டுகிற இணைப்பு) பால் வால்வும் போடுங்கள். காசு கூட ஆகும், ஆனால் ஃபில்டர் மாற்ற 400 லிட்டரையும் வடிக்க வேண்டியிருக்காது. தொட்டியின் அடியில், ஆகக் கீழான இடத்தில், வடிக்க ஒரு தனி வால்வு. உறிஞ்சுகிற வாயில் கட்டாயம் ஜல்லடை வேண்டும், தலைமுடியோ துண்டு நூலோ போய்ச் சிக்கக் கூடாது. திரும்பி வருகிற பைப் எதிர்ப்பக்கம், தண்ணீருக்கு உள்ளே. பக்கத்திலேயே விட்டால் குளிர்ந்த தண்ணீரையே பம்பு திரும்ப இழுத்துக்கொள்ளும்.

கடைசியாக, சொல்யூஷன் போட்டு ஒட்டியதும் அவசரப்பட்டுத் தண்ணீர் விடாதீர்கள். ஒரு ராத்திரி விடுங்கள்.

---

மதுரை_பிசியோ | மார்ச் 12, இரவு 9.05

நான் விளையாட்டு வீரர்களோடு வேலை செய்கிற பிசியோதெரபிஸ்ட். தொட்டி தயாராகும் முன் இதைச் சொல்லிவிடுகிறேன்.

குளிர்ந்த தண்ணீரில் இறங்கியதும் முதல் அரை நிமிடம்தான் ஆபத்தான நேரம். நம்மை அறியாமல் ஒரு பெரிய மூச்சை இழுப்போம், அடுத்து மூச்சு வேகவேகமாக வாங்கும், இதயத் துடிப்பும் ரத்த அழுத்தமும் சட்டென்று ஏறும். ஓரிரு நிமிடத்தில் அடங்கிவிடும். அதனால் தலையோடு முங்கவே கூடாது. முதலில் கால், பிறகு இடுப்பு, மூச்சு சீரான பிறகு நெஞ்சு. பக்கத்தில் ஒரு ஆள் இருக்க வேண்டும், தனியாக வேண்டாம். இதய நோய், ரத்த அழுத்தம் உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் மருத்துவரைக் கேட்காமல் தொடக் கூடாது.

நம் ஊரில் 30 டிகிரி வெயிலில் பழகிய உடம்பு. முதல் வாரமே 12 வேண்டாம் சார். 20-ல் தொடங்கி வாரம் 2 டிகிரி குறையுங்கள். உங்கள் தொட்டி 17-ல் நின்றது ஒருவகையில் நல்லதுதான்.

இன்னொன்று, ஜிம்மில் எடை தூக்குகிறவர்களுக்கு. 2015-ல் ஜர்னல் ஆஃப் பிசியாலஜி இதழில் ஒரு ஆய்வு வந்தது. 12 வாரம் எடைப் பயிற்சி, முடித்த உடனே ஒரு குழு 10 டிகிரி தண்ணீரில் 10 நிமிடம் உட்கார்ந்தது, இன்னொரு குழு சைக்கிளில் மெதுவாக மிதித்தது. தண்ணீரில் உட்கார்ந்தவர்களுக்குத் தசை வளர்ச்சியும் பலமும் குறைவாகவே கூடின. ஆகவே ஓட்டம் முடிந்து இறங்குங்கள், எடை தூக்கிய நாளில் உடனே இறங்காதீர்கள்.

---

கோத்தகிரி_பனி | மார்ச் 13, காலை 6.50

எங்கள் ஊரில் ஜனவரி விடியலில் மாடித் தொட்டியைத் திறந்தால் 11 டிகிரி. அப்பா அதில்தான் வாளியில் மொண்டு ஊற்றிக் குளிப்பார். நீங்கள் இவ்வளவு பாடுபடுவதைப் படிக்கும்போது ஒரு டேங்கர் அனுப்பலாம் போல இருக்கிறது.

---

புதுவை_புதியவர் | மார்ச் 13, மாலை 4.30

மொட்டை மாடியில் வைக்கலாமா? எங்கள் வீட்டில் கீழே இடமே இல்லை.

---

காவிரிக்கரை_பிளம்பர் | மார்ச் 13, மாலை 5.10

எடையைப் பாருங்கள் தம்பி. 400 லிட்டர் தண்ணீர் 400 கிலோ. தொட்டி, ஃபிரேம், ஆள் எல்லாம் சேர்த்து 500 கிலோ. அது உட்காருகிற இடம் ஏறக்குறைய 1.1 சதுர மீட்டர். சதுர மீட்டருக்கு 450 கிலோ ஆகிறது. ஆள் நடமாடுகிற மொட்டை மாடிக்கு இந்தியத் தரநிலையில் எடுத்துக்கொள்கிற சுமை சதுர மீட்டருக்கு 150 கிலோ. கட்டிய இன்ஜினீயரைக் கேட்காமல் தளத்தின் நடுவில் வைக்கவே வைக்காதீர்கள். அவரே பீம் மேல் வைக்கச் சொல்லி இடம் காட்டினால் சரி.

---

கொளத்தூர்_மீன்தொட்டி (சென்னை) | மார்ச் 14, இரவு 10.20

மீன்தொட்டி வைத்திருக்கிறவர்கள் தண்ணீரைத்தான் முதலில் பார்ப்போம், அதனால் என் பங்குக்கு நான் சொல்கிறேன் அண்ணா.

குளிர்ந்த தண்ணீரில் கிருமி வளர்வது மெதுவாகும், சாகாது. ஒரு வாரம் ஊருக்குப் போகிறேன் என்று சில்லரை நிறுத்திவிட்டால் தண்ணீர் 30 டிகிரிக்கு வந்துவிடும், அப்புறம் கேட்கவே வேண்டாம். அதைவிட, டெங்கு கொசுவுக்கு இப்படி நின்ற சுத்தமான தண்ணீர்தான் வேண்டும். முட்டையிலிருந்து கொசுவாகப் பறக்க ஒரு வாரம், பத்து நாள் போதும். மூடி விளிம்பில் இடைவெளி இருக்கக் கூடாது. ஊருக்குப் போனால் வடித்துவிட்டுப் போங்கள்.

குளோரின் 1-லிருந்து 3 பிபிஎம் (லிட்டருக்கு இத்தனை மில்லிகிராம்), பி.எச். 7.2-லிருந்து 7.8. நீச்சல்குளத்துக்கு விற்கிற டெஸ்ட் கிட் வாங்கிக்கொள்ளுங்கள். 400 லிட்டரில் 2 பிபிஎம் என்றால் வெறும் 0.8 கிராம் குளோரின், 5 சதவீத ஹைப்போ குளோரைட் திரவத்தில் 16 மில்லி. ஒரு மேசைக்கரண்டிக்குக் கொஞ்சம் கூட, அவ்வளவுதான். நிறையப் பேர் ஒரு டம்ளர் ஊற்றிவிட்டுக் கண் எரிகிறது என்கிறார்கள். குளோரின் வேண்டாம் என்றால் ஹைட்ரஜன் பெராக்சைடு போடலாம், ஆனால் இரண்டையும் சேர்க்கக் கூடாது, ஒன்றை ஒன்று அழித்துவிடும். குளோரினோடு ஆசிட் எந்தக் காரணத்துக்காகவும் சேரக் கூடாது, விஷவாயு வரும்.

சில்லர் காயில் டைட்டானியமா என்று பார்த்துக்கொள்ளுங்கள். மீன் சில்லர்களில் பெரும்பாலும் அதுதான் இருக்கும், குளோரினைத் தாங்கும். செம்பு என்றால் தாங்காது.

தயவுசெய்து தலைக்கு எண்ணெய் வைத்துக்கொண்டு இறங்காதீர்கள். என் அண்ணன் சனிக்கிழமை நல்லெண்ணெய் தேய்த்துக்கொண்டு அப்படியே இறங்கிவிட்டார். மறுநாள் ஃபில்டரைத் திறந்தால் மடிப்புக்கு மடிப்பு வழுவழு என்று பழுப்புப் படலம், எத்தனை முறை பீய்ச்சி அடித்தும் போகவில்லை. புதிதுதான் வாங்க வேண்டியிருந்தது. சோப்புப் போட்டு ஒரு குளியல் போட்டுவிட்டு இறங்கினால் தண்ணீர் பல வாரம் நிற்கும்.

---

நொய்யல்_ஓட்டம் | மார்ச் 31, இரவு 9.15

இரண்டு வாரம் இழுத்துவிட்டது, மன்னிக்கவும். இப்போது எல்லாம் முடிந்தது.

முதலில் கரண்ட். தனி லைன், ஆர்சிசிபி, புது எர்த். ஃபிரேமையும் சேர்த்தாயிற்று. அம்மா சொல்லி எல்லா பிளக்கையும் கழற்றினோம், இன்னும் இரண்டில் பச்சை வயர் இல்லவே இல்லை.

பம்பு இப்போது 55 வாட். சத்தமே கேட்கவில்லை, ஓடுகிறதா என்று கையை வைத்துத்தான் பார்க்க வேண்டியிருக்கிறது. பைப் 3 மீட்டர். ஏசி பைப்புக்குப் போடுகிற கறுப்பு ரப்பர் ஸ்லீவ் மாட்டினேன். அதை மாட்டும் முன் ஒரு இரவு சும்மா ஓட்டிப் பார்த்தேன், பைப் முழுக்க வேர்த்து ஷெட் தரை நனைந்துவிட்டது.

இன்சுலேஷனுக்கு குளிர்பதனக் கிடங்கு கட்டுகிறவரிடம் மிச்சம் விழுந்த 50 மில்லிமீட்டர் பஃப் பேனல் (நடுவே ஃபோம் வைத்த பலகை) துண்டுகள் கிடைத்தன. நாலு பக்கமும், அடியிலும், மூடிக்கும் அதுவே. சந்துகளில் ஃபோம் அடித்தேன். அடியில் வைப்பதற்காகத் தொட்டியை மொத்தமாகக் காலி செய்து தூக்க வேண்டியிருந்தது, தம்பியும் இரண்டு நண்பர்களும் வந்தார்கள். அடியை விட்டுவிடலாமா என்று யோசித்தேன், நல்லவேளை விடவில்லை.

அதே சில்லர். 28-லிருந்து 12-க்கு வர 9 மணி நேரம் 20 நிமிடம். வந்ததும் டப்பென்று நின்றது. அந்தச் சத்தம் நின்றபோது ஷெட்டே அமைதியானது, கொஞ்ச நேரம் அங்கேயே நின்றுகொண்டிருந்தேன்.

சில்லர் இப்போது நாளைக்கு 4 முதல் 5 மணி நேரம்தான் ஓடுகிறது. சப் மீட்டர் வைத்துப் பார்த்தேன், பம்பும் சேர்த்து நாளைக்கு மூன்றரை யூனிட். வடசென்னை அண்ணா சொன்ன டெஸ்டைத் திரும்பச் செய்தேன்: பம்பு ஓட, சில்லர் நிற்க, 2 மணி நேரத்தில் 12.0-லிருந்து 12.6.

மதுரை மேடம் சொன்னபடி 20-ல் தொடங்கி இப்போது 17-ல் இருக்கிறேன். 12-ஐத் தொட்டுப் பார்த்தது தொட்டி மட்டும்தான், நான் இல்லை.

ஒரே ஒரு குறை. ஃபில்டருக்கு அடுத்த யூனியனில் சொட்டு சொட்டாகத் தண்ணீர். 20 நிமிடத்துக்கு ஒரு சொட்டு.

---

வடசென்னை_ஏசி | மார்ச் 31, இரவு 9.48

2 மணி நேரத்துக்கு 0.6 என்றால் 140 வாட். முன்னே 790. சில்லருக்கு இனி நல்ல ஆயுசு பிரதர். மாதம் ஒருமுறை பின்பக்கத் தூசியை பிரஷ்ஷால் தட்டிவிடுங்கள், சூட்டை வெளியே விடுகிற கண்டென்சர் ஃபின்னில் தூசி சேரவிடாதீர்கள்.

---

காவிரிக்கரை_பிளம்பர் | மார்ச் 31, இரவு 10.02

ஒழுகலா, வேர்வையா என்று முதலில் பாருங்கள் தம்பி. யூனியனை நன்றாகத் துடைத்துவிட்டு, நட்டுக்கு மேலே ஒரு டிஷ்யூவும் கீழே ஒரு டிஷ்யூவும் சுற்றி அரை மணி நேரம் விடுங்கள். இரண்டும் நனைந்தால் வேர்வை, ஸ்லீவ் அங்கே மூடவில்லை. கீழே மட்டும் நனைந்தால் உள்ளே ஓ-ரிங் (ரப்பர் வளையம்) திரும்பியிருக்கும். கழற்றி, ஓ-ரிங்கைத் துடைத்து, மணல் துகள் இருக்கிறதா பார்த்து, பள்ளத்தில் சரியாக உட்கார வைத்துக் கையால் மட்டும் இறுக்குங்கள். டெஃப்லான் டேப் சுற்றாதீர்கள், யூனியன் நட்டுக்கு அது வேலை செய்யாது.

---

நொய்யல்_ஓட்டம் | ஏப்ரல் 1, காலை 6.30

கீழே மட்டும்தான் நனைந்திருந்தது. கழற்றினால் ஓ-ரிங்கின் ஒரு பக்கம் பள்ளத்தை விட்டு வெளியே ஏறியிருந்தது, பைப் அறுத்த பிவிசி தூள் ஒரு துணுக்கு அடியில். துடைத்து மாட்டி, கையால் இறுக்கி, கீழே நேற்றைய செய்தித்தாளை விரித்துவிட்டுப் படுத்தேன்.

இப்போதுதான் பார்த்தேன். தாள் காய்ந்திருக்கிறது.